கரண்ட் இல்லாத வீட்டில் இன்சுலின் என்ன ஆகும்?

"ஏன் பாப்பா... மருந்து கெடக்கூடாதுன்னுதானே ஐஸுக்குள்ள வச்சோம். அது தப்பா?"

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் சித்தி கேட்ட கேள்வி இது. 2018 நவம்பர் கடைசி வாரம். கஜா புயல் வந்துபோய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை 412!

சித்திக்கு ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில். வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு, கொஞ்சம் தள்ளி வயல். பதினோரு வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரையில் கட்டுப்படாமல் கடைசி ஐந்து வருஷமாகக் காலையும் ராத்திரியும் இன்சுலின் ஊசி. போட்டுக்கொள்வதில் ஒரு நாள் தவறமாட்டார். சாப்பாட்டிலும் அப்படித்தான். "பொங்கலுக்குக்கூட ஒரு கரண்டிதான்" என்று பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு 412 எப்படி வந்தது?

நவம்பர் 16-ம் தேதி வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது கஜா. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, முத்துப்பேட்டை பக்கமெல்லாம் தென்னை மரங்கள் தலைகீழாகக் கிடந்தன. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பக்கத்து மாநிலங்களிலிருந்துகூட மின்வாரிய ஊழியர்கள் வந்து ராப்பகலாக வேலை செய்தார்கள். அப்படியும் உள் கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். செல்போன் சார்ஜ் போடக் காசு கொடுத்து வரிசையில் நின்றவர்களும் உண்டு.

சித்தி வீட்டு ஃப்ரிட்ஜ் வெறும் பீரோ ஆகிவிட்டது. "ஐயோ, ஊசி மருந்து கெட்டுடுமே!" என்று வீடே பதறியது. சித்தியின் மகன் பாசக்காரப் பையன். தஞ்சாவூர் வரை பைக்கில் போய் ஐஸ் வாங்கி வந்தான். தெர்மோகோல் பெட்டியில் ஐஸைக் கொட்டி, சீக்கிரம் கரையக்கூடாது என்று மீன்காரர்கள் பாணியில் மேலே கல் உப்பைத் தூவி, நட்டநடுவில் இன்சுலின் பாட்டிலைப் புதைத்துவிட்டான். சித்தி அதிலிருந்துதான் எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நாள் தாகம். ஆறாம் நாள் ராத்திரி எட்டுத் தடவை எழுந்து போனார். அப்புறம் வாந்தி.

டாக்டர் முதலில் சித்தியைப் பார்த்தார். அடுத்து, "மருந்து பாட்டிலைக் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அதை உள்ளங்கையில் வைத்து உருட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "நல்லா உருட்டினா மோர் மாதிரி ஒரே சீரா இருக்கணும். இது திரிஞ்ச பால் மாதிரி இருக்கு பாருங்க... ஒருதடவை உறைஞ்சு போயிருக்கு. இதுல என்ன பலம் இருக்கும்?"

புது பாட்டில், சலைன், நாலு நாள் ஆஸ்பத்திரி. சித்தி தேறிவிட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஐஸில் வைத்தது எப்படித் தப்பாகும்?

குளிர்தான் பெரிய எதிரி

இன்சுலின் ஒரு புரதம். முட்டையின் வெள்ளைக்கரு, பால் இவற்றில் இருப்பதும் புரதம்தான். வெள்ளைக்கருவைச் சூடாக்கினால் கட்டியாகிறது; மறுபடி குளிர வைத்தால் பழையபடி நீர் ஆவதில்லை. இன்சுலினும் அப்படி ஒருவழிப் பாதைக்காரன். 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் இருவரும் கணையத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் பதினாலு வயசுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த மருந்துக்கு ஒரே தலைவலி... அதிகச் சூடும் ஆகாது, அதிகக் குளிரும் ஆகாது!

இதில் நாம் எல்லோரும் சூட்டை நினைத்துத்தான் பயப்படுகிறோம். உண்மையில் சூடு இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான், நாள்கணக்கில், வாரக்கணக்கில் பலம் இழக்க வைக்கும். உறைந்து போனாலோ ஒரே ராத்திரியில் வேலை முடிந்தது. பால் போல் இருக்கும் இன்சுலினில் மருந்து மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. உறைந்து உருகும்போது அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் எவ்வளவு உருட்டினாலும் பிரியாது. ஒரு தடவை மருந்து அதிகமாக வரும், ஒரு தடவை ஒன்றுமே வராது. அதனால்தான் உறைந்த இன்சுலினைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி எறியச் சொல்கிறார்கள்.

"சாதா ஐஸ் உறைய வைக்குமா?" என்று கேட்கலாம். உருகிக்கொண்டிருக்கும் ஐஸின் வெப்பம் 0 டிகிரி. அதுவே எல்லைக்கோட்டில் இருக்கிறது. அதன்மேல் உப்பைத் தூவினால் வெப்பநிலை 0-வுக்குக் கீழே இறங்கும். சரியான அளவில் கலந்தால் மைனஸ் 20 டிகிரி வரைகூடப் போகும். தெருவில் மணி அடித்து வரும் குல்ஃபிக்காரர் பானைக்குள் பாலை உறைய வைப்பது இந்த வித்தையில்தான். சித்தி மகன் தனக்குத் தெரியாமலேயே அம்மாவின் மருந்தைக் குல்ஃபி போட்டுவிட்டான்!

வேதனை என்னவென்றால், அன்றைக்கு ஐஸே தேவையில்லை. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நேரம். புயல் மழையில் ஊரே குளிர்ந்து கிடந்தது. பாட்டிலை உள்அறையில் ஒரு டப்பாவில் போட்டுச் சும்மா வைத்திருந்தாலே ஒன்றும் ஆகியிருக்காது.

ஃப்ரிட்ஜுக்கு வெளியே எத்தனை நாள்?

இன்னும் திறக்காத பாட்டில், கார்ட்ரிட்ஜ், பேனா எல்லாம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அதாவது ஃப்ரிட்ஜில். அப்படி வைத்தால் அட்டையில் போட்ட காலாவதி தேதி வரை தாங்கும்.

ஊசி குத்தித் திறந்துவிட்ட பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜ் கட்டாயம் இல்லை. பெரும்பாலான இன்சுலின்களை 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே, வெயில் படாமல், சுமார் 28 நாள் வெளியில் வைத்துப் பயன்படுத்தலாம். எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து கொஞ்சம் மாறும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தத் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எழுத்து எறும்பு சைஸில் இருந்தாலும் பேரன் பேத்தியை விட்டாவது படிக்கச் சொல்லுங்கள்.

சரி, நம் ஊரில் 30 டிகிரிக்குக் கீழே என்பது வருஷத்தில் எத்தனை மாசம்? சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர் 38, 39 டிகிரியைத் தொடும்போது ஓட்டு வீட்டுக்குள்ளேயே வியர்த்துக் கொட்டுகிறதே! இதை ஆராய்ச்சிக்காரர்களும் யோசித்திருக்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மரில் செய்து 2009-ல் வெளியான ஆய்வில், 32 மற்றும் 37 டிகிரியில் 28 நாள் வைத்த இன்சுலின் 14 முதல் 18 சதவீதம் பலம் இழந்திருந்தது. கென்யாவில் ஒரு அகதிகள் முகாமின் தட்பவெப்பத்தை வைத்து 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வோ வேறு மாதிரி சொன்னது. பகலில் 37, ராத்திரியில் 25 என்று ஏறி இறங்கும் வெப்பத்தில் நாலு வாரம் வைத்தும் பலம் குறையவில்லை. 2023-ல் இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிய காக்ரேன் குழு, சிலவகை மனித இன்சுலின்களைத் திறக்காமல் 25 டிகிரி வரை ஆறு மாதமும், 37 டிகிரி வரை இரண்டு மாதமும் வைக்க முடியும் என்று சொன்னது.

யார் சொல்வதை நம்புவது? எனக்குப் படுவது இதுதான். ஃப்ரிட்ஜ் இருக்கிறவர்கள், சீட்டில் உள்ளபடியே நடக்கட்டும். கரண்ட் போய்விட்ட வீட்டில் இருப்பவர்கள், 'போச்சு, மருந்து செத்துப் போச்சு' என்று பதறி ஊசியை நிறுத்தவோ, ஐஸ் தேடி ஓடவோ வேண்டாம். இரண்டு மூன்று நாள் வெளியில் இருந்த பாட்டில் உங்களைக் கைவிடாது. ஊசியை நிறுத்துவதுதான் கைவிடும்.

வெயில் மட்டும் வேறு விஷயம். ஜன்னல் விளிம்பு, டி.வி. மேல், அடுப்பங்கரை அலமாரி, பைக் டேங்க் கவர், மதியம் நிறுத்திவைத்த கார்... இங்கெல்லாம் 37 டிகிரி என்பது காலை டிபனுக்கே தாண்டிவிடும்.

பாட்டி காலத்துப் பானை

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு டாக்டர்கள் சிபாரிசு செய்யும் ஒரு சாதனம் நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. மண்பானை!

செய்முறை சுலபம். வாய் அகன்ற ஒரு பெரிய பானை, அதற்குள் போகிற மாதிரி ஒரு சின்னப் பானை. இரண்டுக்கும் நடுவில் ஆற்று மணல். மணலில் தினம் இரண்டு வேளை தண்ணீர் விட வேண்டும். சின்னப் பானைக்குள் தண்ணீர் இருக்கக் கூடாது. இன்சுலினை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி. பானையைச் சாமான் அறையின் இருட்டு மூலையில் ஒளித்து வைக்காமல், நிழலும் காற்றோட்டமும் உள்ள தாழ்வாரத்தில் வையுங்கள். பெயின்ட் அடித்த, மெருகு போட்ட அலங்காரப் பானை வேண்டாம். அதற்கு மூச்சு விடத் தெரியாது.

பானை எப்படிக் குளிர்கிறது? மண்ணின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பானையிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, அதே கணக்கு.

நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் இந்த இரட்டைப் பானையைக் காய்கறி கெடாமல் வைப்பதற்காகக் கிராமம் கிராமமாகப் பரப்பி ரோலெக்ஸ் விருது வாங்கினார். குஜராத்தில் வாங்கானேர் ஊரின் மன்சுக்பாய் பிரஜாபதி, 2001 பூகம்பத்துக்குப் பிறகு கரண்டே இல்லாத மண் ஃப்ரிட்ஜ் செய்து பிரபலமானார். நம் வீட்டுப் பெண்களோ காலங்காலமாக வெள்ளரிக்காயையும் மோரையும் ஈரத்துணி சுற்றிய பானையில் வைத்தவர்கள். விருது யாருக்கும் வரவில்லை, அவ்வளவுதான்!

பானைக்கும் ஒரு வரம்பு உண்டு. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுதான் அது குளிரும். சித்திரையில் மேல்காற்று அடிக்கும்போது, வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே 27, 28-க்குக் கொண்டுவந்துவிடும். அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும், நீர் ஆவியாகாது, பானை சும்மா உட்கார்ந்திருக்கும். கவலை வேண்டாம். அந்த மாதங்களில் ஊரே குளிர்ந்துதான் இருக்கும். ஆக, தேவையான மாதத்தில் பானை வேலை செய்கிறது, தேவையில்லாத மாதத்தில் லீவு எடுத்துக்கொள்கிறது. ஃப்ரிட்ஜைவிட சமர்த்து! ஆனால் 2-லிருந்து 8 டிகிரிக்குப் பானையால் போக முடியாது. அதனால் ஆறு மாத ஸ்டாக்கைப் பானையில் வைக்க வேண்டாம். இந்த மாதம் போட்டு முடிக்கிற மருந்துக்கு மட்டும்தான் பானை.

கரண்ட் இருந்தும் குளிராத ஃப்ரிட்ஜ்

புயல் எப்போதோ வருவது. டெல்டா வீடுகளின் அன்றாடத் தொல்லை வேறு. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவு வெட்டு இப்போது இல்லை. ஆனால் லோ வோல்டேஜ்? மேட்டூர் திறந்து குறுவை நடவு சூடுபிடித்ததும், மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் அத்தனை பம்பு செட்டும் ஒரே மூச்சில் ஓடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளிக் கடைசியில் இருக்கும் வீட்டில் பல்பு அகல் விளக்கு மாதிரி முணுக் முணுக்கென்று எரியும்.

ஃப்ரிட்ஜுக்குள் லைட் எரிகிறது. "ஓடுது" என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். ஆனால் பின்பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், பிறகு 'டக்'. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகல், மறுபடி 'டக்'. அப்படியென்றால் கம்ப்ரஸர் கிளம்பவே இல்லை. வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் இழுவிசை அதைவிட வேகமாகக் குறையும். வோல்டேஜ் முக்கால்வாசி ஆனால், இழுவிசை பாதியைத் தொட்டுவிடும். கிளம்ப முடியாத மோட்டார் கரண்டை மட்டும் அள்ளிக் குடித்துச் சூடாகும். எரிந்துவிடாமல் இருக்க உள்ளே ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் வெட்டிவிடும். அதுதான் அந்த 'டக்'. சாயங்காலம் வரை இப்படியே போனால் உள்ளே இருக்கும் பால் புளிக்கும், மாவு பொங்கும். இன்சுலின் மட்டும் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளாது.

இதற்குத்தான் ஸ்டெபிலைசர். வோல்டேஜ் குறையும்போது ஏற்றிக் கொடுக்கும். ரொம்பக் குறைந்தால் அதுவே நிறுத்திக்கொள்ளும். கரண்ட் வந்தவுடன் ஃப்ரிட்ஜை விடாமல் இரண்டு மூன்று நிமிஷம் காக்க வைக்கும். பலருக்கு இந்தக் காத்திருப்பில்தான் எரிச்சல். "டிக் டிக்னு சத்தம் போடுது, கரண்டும் விடமாட்டேங்குது" என்று பிடுங்கிப் போட்டுவிட்டு ஃப்ரிட்ஜை நேராகச் சுவரில் சொருகிவிடுவார்கள். அந்த இரண்டு நிமிஷம் ஏன் என்றால், ஓடி நின்ற கம்ப்ரஸருக்குள் ஒரு பக்கம் அழுத்தம் ஏறிக் கிடக்கும். அது சமமாவதற்குள் கிளப்பினால் மோட்டார் திணறும். ஆகவே பொறுங்கள், டீ போடுகிற நேரம்தான்.

புது மாடல் ஃப்ரிட்ஜ்களில் "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு எவ்வளவு வருகிறது என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்தால் நல்லது. வாங்கிவிட்டுச் செய்தால் வயிற்றெரிச்சல்.

ஃப்ரிட்ஜில் இன்சுலினுக்கு எந்த இடம்? கதவில் வைக்காதீர்கள். திறக்கத் திறக்கச் சூடு ஏறி இறங்கும் இடம் அது. ஃப்ரீஸர் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீஸருக்கு நேர் கீழே ஒரு தட்டு இருக்கிறதே, அங்கேயும் கூடாது. பின்சுவரை ஒட்டியும் கூடாது. ராத்திரியில் அங்கே உறைந்துவிடும். நடுத்தட்டின் முன்பக்கம் அல்லது காய்கறிப் பெட்டிக்கு மேல் தட்டு, ஒரு மூடி போட்ட டப்பாவில். கூடவே ஒரு சின்ன தெர்மாமீட்டரை டம்ளர் தண்ணீரில் நிறுத்தி ஒரு ராத்திரி அங்கே வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால், உங்கள் ஃப்ரிட்ஜின் குணம் தெரிந்துவிடும்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். ஃப்ரீஸரில் காலியாக இருக்கும் இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். கேஸ்கட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் குளிரும் அப்படித்தான் வெளியே போகிறது.

மீட்டர் சொல்வதெல்லாம் உண்மையா?

'மருந்து கெட்டுவிட்டதோ' என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது வீட்டிலுள்ள குளுக்கோமீட்டர்தான். இதுவும் அவ்வப்போது காலை வாரும். சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர் மாம்பழம் நறுக்கிக் கொடுத்த கையோடு குத்திப் பார்த்து, 290 என்று வந்ததும் ஆடிப்போய்விட்டார். அவர் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை! 2011-ல் ஜப்பானிய மருத்துவர்கள் இதையே சோதித்துக் காட்டினார்கள். பழம் உரித்த விரலில் எடுத்த ரத்தம் இல்லாத சர்க்கரையைக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியான எண் வந்தது. ஆகவே சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள். ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப் வீண். "மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கே, ஸ்ட்ரிப்பும் இருக்கட்டுமே" என்று அதையும் உள்ளே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம், நீர் கோத்துக்கொள்ளும். அதற்கு வேண்டிய காசு பேட்டரி கிராமத்துக் கடையில் கிடைக்காது. டவுனுக்குப் போகும்போது இரண்டு வாங்கி வையுங்கள். மீட்டரைச் செல்போனோடு இணைக்கிறேன், ஆப் போடுகிறேன் என்று ஆரம்பித்து, ஓ.டி.பி. வராமல் சண்டை போட்டு ஓய்ந்த வீடுகள் ஏராளம். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். டாக்டருக்கும் அதுதான் படிக்க வசதி.

இரவல் மருந்து

இது மட்டும் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். இந்தியாவில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை உறிஞ்சினால், இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும்! சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பாட்டிலில் என்ன எண், சிரிஞ்சில் என்ன எண் என்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் குத்த வேண்டும். புயல், வெள்ளம் என்று நிவாரணத்தில் புதுப்புது மருந்து கைக்கு வரும் சமயத்தில் இன்னும் ஒரு தடவை பாருங்கள். வழக்கமாகப் போடும் பெட்டியின் அட்டையைச் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்துக் கடையிலோ காட்ட வசதி.

தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால், பால் போன்றது உருட்டியும் கட்டியாகவோ பாட்டில் ஓரத்தில் பனி படிந்த மாதிரியோ இருந்தால், அதைப் போடாதீர்கள். பார்க்க நன்றாக இருந்து, போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்றாலும் பாட்டிலை மாற்றுங்கள். நீங்களாக யூனிட்டைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நாளை புது பாட்டில் திறக்கும்போது அதே கூட்டிய அளவு உங்களைக் கீழே தள்ளிவிடும்.

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்று வலி, வேக வேகமாக மூச்சு வாங்குதல், வாயில் பழவாசனை, தூக்கக் கலக்கம்... இவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பைக்கோ டிராக்டரோ, கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்கு.

சித்தி வீட்டில் இப்போது தாழ்வாரத்தில் இரட்டைப் பானை இருக்கிறது. கரண்ட் இருக்கும்போதுகூட, திறந்த பாட்டில் அதில்தான், திறக்காதது ஃப்ரிட்ஜில். பாட்டிலின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, திறந்த தேதியை மகன் எழுதி வைக்கிறான். போன தடவை நான் போயிருந்தபோது பானைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் கல் உப்பு இருந்தது. பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

"அது மாங்கா ஊறுகாய்க்குடி" என்றார் சித்தி.